மெதுவாக எரிய மறுத்த விளக்கு

ஏழாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு என்ஜினியராக இருந்தேன். கொஞ்ச நாள்தான். பிற்பாடு படித்து முடித்து, சம்பளம் வாங்குகிற நிஜமான என்ஜினியராக ஆன பிறகும் அந்தக் கொஞ்ச நாளில் இருந்த தன்னம்பிக்கை எனக்குத் திரும்பி வரவேயில்லை.

அம்மா அப்போது குவைத்தில் நர்ஸ். இரண்டு வருடக் காண்ட்ராக்ட். அப்பா மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். காலையில் அப்பா பைக்கில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிப் போனால், இருட்டிய பிறகுதான் தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு திரும்புவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கீழ் வீட்டு மாமியிடம் சாவி வாங்கி, கதவைத் திறந்து, “வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் ஒரு உறுமல் உறுமும். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு பையைக் கழற்றுவேன்.

அம்மாவோடு வேலை பார்த்த ஒரு அக்கா லீவில் வந்தபோது ஒரு பார்சல் கொண்டுவந்து கொடுத்தார். பேரீச்சம்பழம், சோப்பு, பவுடர், எல்லாவற்றுக்கும் அடியில் நான் கேட்டிருந்த போர்டு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, நீல நிறத்தில், முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஈயம் வைத்து, ஏதோ ரேடியோவின் வயிற்றிலிருந்து பிடுங்கிவந்ததுபோல இருந்தது. மைக்ரோகன்ட்ரோலர் போர்டு என்றால் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது, ஆனாலும் அது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். நாம் லேப்டாப்பில் புரோகிராம் எழுதி ஒரு வயர் வழியாக அனுப்பினால், அது சொன்னபடி கேட்கும். சொன்னபடி கேட்கிற ஒன்று வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதற்கு முன் அந்தப் பதவியில் இருந்தவன் நான்தான்.

முதல் பாடம் உலகம் பூராவும் ஒன்றுதான். போர்டிலேயே ஒட்டியிருக்கும் கடுகளவு சிவப்பு விளக்கை விட்டு விட்டு எரிய வைக்க வேண்டும். அம்மா போனில் சிரித்துக்கொண்டே, “அதுல லைட்டை எரிய வெச்சுக் காட்டு கண்ணு, அம்மா ஓடி வந்துடறேன்” என்றாள்.

பேச்சுக்குச் சொன்னாள். நான் அதைக் காண்ட்ராக்டாக எடுத்துக்கொண்டேன்.

போர்டோடு குட்டையாக ஒரு வயர் வந்திருந்தது. அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்ல வயராக இருக்கிறதே என்று தன் போனை சார்ஜ் செய்ய மில்லுக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்கு அது பெரிய நஷ்டமாகப் படவில்லை. அம்மா எனக்காக விட்டுப்போன பழைய போனுக்கு திருச்சி மெயின்கார்டு கேட் பிளாட்பாரத்தில் வாங்கிய வயர் இருந்தது. அதன் முனை போர்டுக்கும் பொருந்தியது. பொருந்தினால் போதாதா?

லேப்டாப், அத்தை மகள் பிளஸ் டூவில் வாங்கிய அரசாங்க லேப்டாப். அதில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அரைப்புள்ளி எல்லாம் வைத்து, புரோகிராமை எழுதி முடித்தேன். பிறகு வயரைச் சொருகி, அனுப்புகிற பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் என்னவோ நாலைந்து வரி வந்தது. பரீட்சைப் பேப்பரில் என் பெயருக்குக் கீழே எப்போதும் சிவப்பாக நாலைந்து வரி இருப்பது வழக்கம்தான் என்பதால், நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கீழே ஓடினேன். மாமி மேலே வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“இதையா ஒரு வாரமா பண்ணினே? எங்காத்து கொலு சீரியல் பல்பு இதைவிட நன்னா எரியறதேடா” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, நவராத்திரிக்குப் பொம்மைக்குப் பின்னால் வைக்கத் தருவாயா என்றும் கேட்டார். விஞ்ஞானிகளை ஊர் புரிந்துகொள்ளாது என்று படித்திருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விடுமுறை. நான் பள்ளி விட்டு வந்ததும் வீடியோ காலில் வருவாள். போர்டைக் காட்டினேன். அம்மா கைதட்டினாள். எப்போ வரே என்று கேட்டேன். அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, லீவு எழுதிக் கொடுத்திருப்பதாகவும், பார்க்கலாம் என்று சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். அப்புறம், “ஏன் இப்படிப் படபடன்னு அடிச்சுக்குது? மெதுவா எரிய வைக்க முடியுமா? தூங்கறவங்க மூச்சு விடற மாதிரி” என்றாள்.

அவளுக்கு அப்படித்தான் உவமை வரும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டுவாளாம். உள்ளே சிவப்பு விளக்கு எரியுமாம். விரல் வழியாக அந்த வெளிச்சம் தெரிவதை வைத்தே மூச்சு சரியாக இருக்கிறதா, நாடி எப்படி என்று மெஷின் சொல்லிவிடுமாம். நாளெல்லாம் சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன் என்பாள்.

அப்படியானால் பாக்கி இருப்பது இதுதான். மெதுவாக எரிய வேண்டும், அம்மா வந்துவிடுவாள். புரோகிராமில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். மாற்றினேன். அனுப்பினேன். சிவப்பு வரிகள் வந்தன. விளக்கு முன்போலவே படபடவென்று அடித்துக்கொண்டது. எண்ணை இன்னும் பெரிதாக்கினேன். சைபர்களாகச் சேர்த்துக்கொண்டே போனேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போர்டு எந்த வாசலில் நிற்கிறது என்று லேப்டாப்பில் ஒரு லிஸ்ட் காட்டும், அதில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வீடியோவில் வந்த அண்ணன் சொன்னார். லிஸ்டைத் திறந்தேன். ஒருவரும் இல்லை. எங்கள் வீடு மாதிரியே இருந்தது.

அந்த வாரம் முழுக்க அந்த விளக்கும் நானும்தான். நான் சொல்வது எதுவும் அதற்குக் கேட்கவில்லை; அதுபாட்டுக்கு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அப்பா வருவார், குளிப்பார், “சாப்ட்டியா தம்பி?” என்பார். விளக்கைப் பற்றி ஆரம்பித்தால், தட்டில் பார்வையை வைத்துக்கொண்டு “ம்” என்பார். உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. விளக்கு மசியவில்லை. காண்ட்ராக்ட் கைநழுவிப் போகிறது. அப்போதுதான் என் மூளை தன் உச்சத்தைத் தொட்டது. விளக்கு மெதுவாக எரியாவிட்டால் என்ன, எரிவதை அம்மா மெதுவாகப் பார்த்தால் போதுமே? ஒரு முறை எரிய விட்டு, அடுத்த இரண்டு தரமும் ஆள்காட்டி விரலால் மூடிவிடுவது. ஸ்கூலிலிருந்து வந்ததும் யூனிபார்மைக்கூட மாற்றாமல், நாயனக்காரர் துளையை மூடித் திறப்பதுபோல உட்கார்ந்து பழகினேன். ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கினேன். இடது கையில் போன், வலது கை விரல் விளக்கின் மேல்.

அம்மா வந்தாள். நான் ஆரம்பித்தேன். எரிந்தது... இருட்டு... இருட்டு... எரிந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அம்மா முகத்தைத் திரைக்கு நெருக்கிப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, கைதட்டவும் இல்லை. போதுமா என்று கேட்டேன்.

“இன்னும் கொஞ்ச நேரம் காட்டு கண்ணு.”

விரல் வலித்தது. காட்டினேன். கடைசியில் அவள், “நல்லாருக்கு” என்றாள். பிறகு, “நகம் என்னடா இவ்வளவு வளந்திருக்கு? வெட்டலையா?” என்றாள்.

போனை வைத்த பிறகு யோசித்தேன். இந்த இருட்டில் நகம் எப்படித் தெரிந்தது? நர்ஸ்களுக்குக் கண் கூர்மை என்று தீர்ப்பு எழுதி, வழக்கை முடித்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. விரலால் எரிந்ததெல்லாம் கணக்கில் வராது, அதனால்தான் அம்மா வருகிற பேச்சையே எடுக்கவில்லை என்று பட்டது. நிஜமாகவே எரிய வைத்தாக வேண்டும்.

மில்லில் ஏதோ மெஷினைக் கழற்றிப் போட்டதால் அடுத்த வியாழக்கிழமை அப்பா சீக்கிரமே வந்தார். போனும் வயரும் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தன. மறுநாள் வீடியோ காலுக்காக என் போன் பிளாட்பாரத்து வயரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்க மனசில்லாமல், அப்பாவின் வயரை எடுத்துத் தவிட்டைத் துடைத்துவிட்டுப் போர்டில் சொருகினேன். லிஸ்டைத் திறந்தால், அதில் ஒருவர் இருந்தார்.

அனுப்பினேன். சிவப்பு வரி இல்லை. விளக்கு ஒரு கணம் தடுமாறியது. பிறகு எரிந்தது. நிதானமாக நின்றது. அணைந்தது. காத்திருந்தது. மறுபடி எரிந்தது.

அந்தப் பிளாட்பாரத்து வயரில் கரண்ட் மட்டும்தான் போகும், சேதி போகாதாம். அப்படியும் வயர்கள் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்கள் அப்பாவும் ஏறக்குறைய அந்த ரகம்தான். அதைவிடப் பெரிய அடி இன்னொன்று. அதுவரை எரிந்த விளக்குக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. விற்பதற்கு முன்பே ஏதோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஏற்றி அனுப்பிய புரோகிராம் அது. அவருடைய வேலைக்குத்தான் நான் மாமியிடம் பேர் வாங்கப் பார்த்திருக்கிறேன். இந்த மெதுவான விளக்குதான் நான் சொல்லி எரிந்த முதல் விளக்கு. திரும்பிப் பார்த்தேன். அப்பா ஈரத் தலையோடு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜிடம் சொன்னேன்.

மறுநாள் அம்மாவுக்குக் காட்டும்போது போனை டம்ளரில் சாய்த்து நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஏமாற்று வேலை இல்லை என்று தெரிய வேண்டாமா? ஜன்னலைக்கூடத் திறந்து வைத்திருந்தேன். விளக்கு தூங்குகிறவரின் மூச்சுபோல எரிந்து எரிந்து அணைந்தது. அம்மா அதைக் கொஞ்சம்தான் பார்த்தாள்.

“நல்லாருக்கு கண்ணு. கை எங்க? கையைக் காட்டு.”

சந்தேகப்படுகிறாள் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மேஜிக்காரன்போல இரண்டு கைகளையும் போனுக்குப் பக்கத்தில் நீட்டி, உள்ளங்கை, புறங்கை என்று திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

“நகம் வெட்டிட்டியே. யாரு வெட்டி விட்டா?”

“நானேதான்.”

அதற்குப் பிறகு அம்மாவின் முகம் அசையவில்லை. உதடு பாதி திறந்தபடி அப்படியே நின்றது. அவளுக்குப் பின்னால் திரைச்சீலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், அறை அறையாக நடந்து, சிக்னல் தேடிக்கொண்டே, “ஹலோ, அம்மா, கேக்குதா, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தேன்.