நித்யா மாற்றிச் சொன்னவை

நித்யா இறந்த செய்தி எனக்கு இங்கிலீஷில் வந்தது. கோவை ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, என் வயதே இருக்கும் ஒரு டாக்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பேசினார். டெங்கு, ரத்தக் கசிவு, ரத்த அழுத்தம், இதயம் என்று வரிசையாகச் சொன்னார். நான் மெக்கானிக்கல் படித்தவன், பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன். எது நின்றால் அடுத்து எது நிற்கும் என்பது எனக்குப் புரியும். தலையாட்டிக்கொண்டே கேட்டேன். அவர் உள்ளே போனதும் நித்யாவின் அம்மா என் சட்டையைப் பிடித்தார்.

"என்ன சொல்றாருங்க மாப்ள?"

"செத்துப்போயிட்டாளுங்க அத்தை."

வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையைச் செய்கிறவள் உள்ளே கிடந்தாள்.

தலைமையாசிரியை சாந்தாமணி அம்மா இந்த நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னபோது, நீங்கள் எல்லோரும் எழுதியதை எனக்குப் படிக்கக் கொடுத்தார். பொறுமையின் வடிவம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபமே அறியாதவர் என்று இன்னொருவர். இரண்டு நாடுகளுக்கு நடுவே பாலமாக இருந்தார் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மின்னஞ்சலைத் தமிழாக்கிப் போட்டிருக்கிறீர்கள். நான் கல்யாணம் செய்துகொண்டது வேறொருத்தியை. அவளுக்குக் கோபம் வரும். தட்டைத் தள்ளிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போகிற கோபம். அது உங்கள் யாருக்கும் தெரியாது என்றால், அதற்கு அவள் பட்ட பாட்டைத்தான் எழுத வேண்டும்.

வெளியூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். குண்டடத்தைத் தாண்டி உள்ளே போனால் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் அவள் இங்கிலீஷ் டீச்சர். வருடாவருடம் புரட்டாசியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு தனியார் பள்ளியின் மாணவர்கள் அங்கே சமூக சேவை செய்ய வருவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள். தாராபுரத்தில் லாட்ஜில் தங்கிக்கொண்டு காலையில் வேனில் வந்து இறங்குவார்கள். சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், செங்கல் சுமப்பார்கள், நம் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துப் போட்டோ எடுப்பார்கள், இருட்டுவதற்குள் ஏசி வேனில் ஏறிவிடுவார்கள். இப்படி ஒரு பயணம் போய்வந்தால் அவர்கள் படிப்புக்கு அது கணக்கில் வருமாம். கூட்டிவருகிற ஆசிரியர் பெயர் கிரஹாம். அவர் பேசுவது ஊருக்குப் புரியாது, ஊர் பேசுவது அவருக்குப் புரியாது. நடுவில் நித்யா நின்றாள்.

முதல் வருடம் மைதானத்தில் ஷாமியானா போட்டு வரவேற்பு. நானும் போயிருந்தேன். கிரஹாம் மைக்கைப் பிடித்து, எதுவுமே இல்லாத இந்தக் குழந்தைகளுக்கு நம்பிக்கை கொடுக்க வந்திருக்கிறோம் என்றார். நித்யா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நம்ம ஊர்ல வந்து நாலு வேல கத்துக்கட்டும்னு பசங்களக் கூட்டியாந்திருக்காருங்க. தப்பாச் செஞ்சா கோவிச்சுக்காம சொல்லிக் குடுக்கோணுமாம்."

ஊர் கை தட்டியது. கொத்தனார் பழனிச்சாமி எழுந்தார். "காலைல பாத்தன், பூச்சுக் கரண்டியத் தலகீழாப் புடிக்கறானுக. இவனுக கட்டுன செவுத்துல சாஞ்சா, செவுத்தோட சேந்து நாமளும் போயிருவோம்னு அந்தாளுகிட்டச் சொல்லு கண்ணு."

நித்யா திரும்பி கிரஹாமிடம் இங்கிலீஷில் சொன்னாள். உங்கள் மாணவர்கள் வேலை செய்யும்போது தானும் பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறார் என்று. கிரஹாம் மேடையிலிருந்து இறங்கிவந்து பழனிச்சாமியைக் கட்டிப்பிடித்தார். பழனிச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் அவர்தான் நின்றார். சுவரும் நின்றது.

அந்த மாதம் ஊரில் யார் வீட்டு அடுப்பிலும் கறி ஏறாது. பிள்ளைகளுக்குத் தெம்புக்குக் கோழி கிடைக்குமா என்று கிரஹாம் கேட்டார். "பொரட்டாசில கோழியா? இவனுக என்ன சென்மமோ" என்றார் பழனிச்சாமி. இந்த மாதம் ஊர்க் கோழியெல்லாம் இளைத்துக் கிடக்கும், ஐப்பசியில்தான் நன்றாக இருக்கும் என்கிறார் என்று நித்யா சொன்னாள். அந்தப் பிள்ளைகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு கோழியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வாள். நான் கையிலிருந்து மெஷின் எண்ணெயைக் கழுவி முடிப்பதற்குள் பின்னால் வந்து நிற்பாள். "ஒரிஜினல் கேக்கறீங்களா?" என்பாள். அதற்குப் பிறகு ஒரு சொல் விடாமல் அன்று அந்தப் பக்கம் சொன்னது, இந்தப் பக்கம் சொன்னது இரண்டும் வரும். கிரஹாம் மாதிரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நடப்பாள். பழனிச்சாமி மாதிரி துண்டை உதறுவாள். சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நின்றுவிடுவாள். "எதுவுமே இல்லாத கொழந்தைகளாமுங்க. என்ற கிளாஸ் புள்ளைகளப் பாத்துச் சொல்றான்" என்பாள். அன்றைக்குத்தான் தட்டு நகரும்.

நான் ஒருமுறை கேட்டேன். "அவன் சொன்னத அப்படியே சொல்ல வேண்டியதுதான? நீ எதுக்கு நடுவுல பூசி மொழுகற?"

"உங்க மெஷின்ல ஊசிக்கு எதுக்குங்க எண்ண உடறீங்க?"

"அளவா உடுவோம். அதிகமானா துணியில கோடு உழுகும்."

"உழுந்தா என்னங்க, தொவச்சாப் போயிரும்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு பக்கமும் நல்லவங்கதானுங்க. வாய்தான் செரியில்ல" என்றாள்.

இந்த மலரில் அவள் பொன்மொழிகள் என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். இதையும் போட்டுக்கொள்ளுங்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

போன புரட்டாசியில் அவர்கள் வந்திருந்தபோது நித்யாவுக்குக் காய்ச்சல். லீவு போடு என்றேன். "நான் போகலீன்னா நேருக்கு நேர் பேசிக்குவாங்க, அது ஆபத்துங்க" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாள். அன்று ஈதன் என்ற பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உடனே வேன் கோவைக்குக் கிளம்பியது. அங்கே பேச ஆள் வேண்டும் என்று நித்யாவையும் ஏற்றிக்கொண்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரும் இங்கிலீஷ் பேசினார், நர்ஸும் பேசினார். பேச ஆள் தேவையே இல்லை. ஆனாலும் நித்யா நின்றாள். போர்வை கேட்கவும், பிரெட் கேட்கவும், வேன் டிரைவரைக் கூப்பிடவும் அவளைத்தான் அனுப்பினார்கள். பையனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பக்கத்தில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்து கவனித்தார். அவனுக்கு வெறும் அஜீரணம்.

சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "பையன் நல்லா இருக்கானுங்க" என்றாள்.

"உனக்கு?"

"சாதாரணக் காச்சல்தானுங்க. நீங்க வர வேண்டாம். சாப்பிட்டுப் படுங்க."

நான் சாப்பிட்டுப் படுத்தேன்.

அவர்கள் விமானம் ஏறினார்கள். நித்யாவுக்குக் காய்ச்சல் விட்டது. தேறிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னோம். காய்ச்சல் விட்ட பிறகுதான் இந்த நோயில் ஆபத்தே என்று பிறகு டாக்டர் எனக்கு விளக்கினார். பல் தேய்க்கும்போது ரத்தம் நிற்காமல் வந்தது. அதற்கடுத்து நான் முதலில் எழுதிய காட்சி.

காரியம் முடிந்த கையோடு கிரஹாமிடமிருந்து எனக்குத் தகவல் வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்துவிட்டோம் என்று எழுதியிருந்தார். பள்ளியில் கட்டிய கைகழுவும் இடத்துக்கு அவள் பெயரை வைக்கப்போவதாகவும், கல்லில் பொறிக்கத் தெளிவான போட்டோ வேண்டும் என்றும் கேட்டிருந்தார். போட்டோவை அனுப்பினேன். தை மாதம் நாலைந்து மாணவர்களோடு அவரே திறப்புவிழாவுக்கு வந்தார். சாந்தாமணி அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"மொழிபெயர்க்க ஆள் இல்லீங்க தம்பி. நீங்க வந்து நின்னா நித்யாவே நின்ன மாதிரி."

ஒத்துக்கொண்டேன். அவள் மாதிரி நிற்பதற்காக இல்லை. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. பகல் முழுக்க ஒரு ஆஸ்பத்திரிக்குள் காய்ச்சலோடு நின்றவள் நெற்றியை ஏன் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை? அதைக் கேட்டு, வருகிற பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் ஊருக்குச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

அன்று வந்தவர்களுக்கு நடந்தது நினைவிருக்கும். அதே மைதானம், அதே ஷாமியானா. எதுவுமே இல்லாத இந்தக் குழந்தைகளுக்காக நித்யா வாழ்ந்தார் என்று கிரஹாம் ஆரம்பித்தார். "எதுவுமே இல்லாத இந்தக் கொழந்தைகளுக்காக வாழ்ந்தாங்கன்னு சொல்றாரு" என்றேன். கூட்டம் சலசலத்தது. கம்பெனி வேனில் வேலைக்குப் போகிற ஒரு அக்கா முன்வரிசையில் இருந்தபடியே கேட்டார். "எதுவுமே இல்லியாமா? நாங்க என்ன எலையக் கட்டிக்கிட்டா உக்காந்திருக்கறோம்? அவரு போட்டிருக்கற பனியன எங்கூர்லதான் தெச்சிருப்பாங்கன்னு சொல்லுங்க."

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். கிரஹாமின் முகம் சிவந்தது. இத்தனை வருடத்தில் இந்த ஊர் பேசியதை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சாந்தாமணி அம்மா என் முழங்கையைத் தொட்டு, "தம்பி, கொஞ்சம் பாத்து" என்றார். நான் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பழனிச்சாமி எழுந்துவிட்டார். "எங்க புள்ள காச்சலோட உங்க பையனுக்குக் காவல் நின்னாளே. அதே ஆஸ்பத்திரில அவளுக்கு ஒரு ஊசி போடச் சொல்ல உங்களுக்கு வாய் வல்லையான்னு கேளு சாமி."

கேட்டேன். கிரஹாம் மைக்கைக் கீழே இறக்கினார். நித்யாவிடம் கேட்டேன், களைப்பாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றுதான் சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார், நான் மறுபடி கேட்கவில்லை என்றார். அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். "சிரிச்சாளாமா" என்றார் பழனிச்சாமி. "அவ எப்பத்தான் சிரிக்கல?"

அப்போதுதான் அந்தப் பையன், ஈதன், பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தான். மைக்கைப் பிடிக்காமல் என்னைப் பார்த்தே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான். நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினான். அவன் முடித்ததும் உங்கள் எல்லோர் கண்ணும் என் மேல் இருந்தது. பழனிச்சாமி கேட்டார்.

"என்ன சொல்றான் சாமி?"

"டீச்சர் என்னை நல்லாப் பாத்துக்கிட்டாங்கன்னு சொல்றானுங்க" என்றேன்.

துணியை விலக்கினேன். கல்லில் அவள் முகம் இருந்தது. நீங்கள் கை தட்டினீர்கள். வெளியே வரும்போது சாந்தாமணி அம்மா, "கடைசில நித்யா மாதிரியே பேசீட்டீங்க" என்று கண்ணைத் துடைத்தார்.

இல்லை. அந்தப் பையன் மேல் இரக்கப்பட்டு நான் அப்படிச் சொல்லவில்லை. அவன் சொன்னது இது.

வேனில் அவன் அழுதானாம். மற்றவர்கள் முன்னால் அழுவது வெட்கமாக இருந்ததாம். நித்யா அவன் காதோரம் குனிந்து, வெட்கப்படாதே, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றாளாம். எலும்பெல்லாம் உடைகிற மாதிரி வலிக்கிறது, இப்படி எனக்கு வந்ததே இல்லை என்றாளாம். என் வீட்டுக்காரரிடம் சொன்னால் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்துவிடுவார், அவரைப் பார்த்தால் நானும் அழுதுவிடுவேன், அதனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நீ யாரிடமும் சொல்லாதே, நீ அழுததையும் நான் சொல்ல மாட்டேன் என்றாளாம். அவன் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னான்.

ஊருக்கும் வெள்ளைக்காரருக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தவள் எனக்கு மட்டும் ஒரிஜினலைச் சொன்னாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதிலேயே முக்கியமான ஒரிஜினல் முன்பின் தெரியாத ஒரு பையனுக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது உங்களுக்கெல்லாம் கிடைத்ததுதான். எனக்கு வரவேண்டியது கடைசியில் என் கைக்கு வந்தபோது, மைக்கில் சொல்லி உங்களோடு பங்குபோட எனக்கு மனம் வரவில்லை. இப்போது எழுதுவதுகூட, பொறுமையின் வடிவம் என்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இது அச்சாக வேண்டும் என்பதற்காகத்தான். கிரஹாமுக்கு இதை மொழிபெயர்த்து அனுப்புவீர்கள் என்றால் எதையும் குறைக்காமல் அனுப்புங்கள்.

அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவளுடைய சேலைகளை அவள் அம்மா எடுத்துக்கொண்டார். பெயரைப் பள்ளி எடுத்துக்கொண்டது. என்னிடம் இருப்பது அன்றைய போன் பேச்சு. மெஷின் ஓடுகிற சத்தத்தில் நிற்கும்போது அதை அவள் பாணியில் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். சாதாரணக் காச்சல்தானுங்க, நீங்க வர வேண்டாம், சாப்பிட்டுப் படுங்க. இது அவள் மாற்றிச் சொன்னது.

எனக்குப் பயமா இருக்குதுங்க, வாங்க. இது ஒரிஜினல்.