எனக்குக் கேட்காத கீச்சொலி

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். டீ ஃபேக்டரியில் இலை அரைக்கும் ரோலர் மெஷின்களுக்கு நடுவே பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, பழைய ஜீப் ஒன்றை வாங்கி, தோட்டங்களிலிருந்து ஃபேக்டரிக்கு இலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். வண்டி விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அந்த ஜீப்புக்குத் திடீரென்று ஒரு நடுக்கம் வந்தது. கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், கியர் ராடு உதறும், காலுக்கடியில் தகடு அதிரும். டயரை மாற்றினேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பரை மாற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. அடுத்த வாரம் மேட்டுப்பாளையத்தில் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் ஏழு மாதக் கர்ப்பிணியை மலையேற்றிக் கூட்டிவர வேண்டும். வாடகைக் கார் வைக்கலாம் என்றாள் மனைவி. நம் ஜீப் இருக்கும்போது என் பெண் வாடகை வண்டியில் வருவதா என்று முறுக்கிக்கொண்டேன்.

"ஏனுங்க, மெதுவாப் போறப்ப அடியில குருவிக்குஞ்சு கத்தறாப்பல கீச்சு கீச்சுங்குதே, உங்களுக்குக் கேக்கலீங்களா?" என்று நாலைந்து தடவை கேட்டாள்.

"கூடு கட்டிருச்சாட்டிருக்குது. போயித் தீனி போடு புள்ள" என்று கேலி செய்தேன்.

குன்னூரில் தெரிந்த மெக்கானிக்கிடம் இருவரும் போனோம். "சத்தம் ஏதாச்சும் வருதுங்களாண்ணா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். என் பேச்சை நம்பி அரை நாள் சக்கரங்களைக் கழற்றி மாட்டினார். நடுக்கம் அப்படியே இருந்தது. பொறுத்துப் பார்த்த மனைவி, தயங்கித் தயங்கி அந்தக் கீச்சொலியைச் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வண்டி வேகமாப் போனா அந்தச் சத்தமும் வேகமாகுதுங்களாக்கா?"

"ஆமாங்க."

உடனே வண்டிக்கு அடியில் படுத்தார். எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகும் நீளமான இரும்புத்தண்டைக் கையால் அசைத்தார். இதுதானா என்றதும், "இதேதானுங்க" என்றாள் மனைவி. "உங்களுக்கும் கேக்குதுங்களாண்ணா?" என்றார். எதுவுமே கேட்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

தண்டின் முனையைப் பிணைக்கும் கிராஸ் என்கிற மூட்டு, கிரீஸ் வற்றித் துருப்பொடியாக உதிர்ந்தது. மலைப்பாதையில் அது விட்டுப்போனால் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் அந்தத் தண்டைத்தான். அது தொங்கி அடித்து ஃபுட் பிரேக்கின் குழாயும் போனால் வண்டியை நிறுத்த வழியே இல்லை என்றார் மெக்கானிக். மகளின் முகம் கண்முன் வந்தது.

மனைவி அந்த எண்ணெய்த் தரையிலேயே மண்டியிட்டாள். என்னையும் உட்கார வைத்து, என் கையைப் பிடித்து அந்தத் தண்டின் மேல் வைத்தாள். "இப்பத் தெரியுதுங்களா?" என்றாள். மெக்கானிக் மறுபடி அசைத்தபோது விரலில் நறநறவென்று தெரிந்தது. நான் சும்மா தலையாட்டியது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது.

புது கிராஸ் போட்டதும் நடுக்கம் நின்றது. திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டேன், எத்தனை நாளாக என் காதைப் பற்றித் தெரியும் என்று.

"மூணு வருசமாச்சுங்க."

"ஏம்புள்ள சொல்லல?"

"சொன்னா வண்டி ஓட்டறத நிறுத்திப்போட்டு ஊட்டுல உம்முனு உக்காந்துக்குவீங்க. அதானுங்க நான் கூடவே வர்றேன்."

இலை ஏற்றப் போகும்போதெல்லாம் அவளும் ஏறி உட்கார்ந்துகொண்டு, பஸ் வருது ஒதுக்குங்க, ஹாரன் அடிக்கறான் பாருங்க என்று தொணதொணப்பாள். எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன்! அன்று அவள் முன்னால் அழுதுவிட்டேன்.

மகளை வாடகைக் காரில்தான் கூட்டிவந்தோம். அப்பனுக்குக் காது மந்தம், சத்தமாகப் பேசு கண்ணு என்று கூச்சத்தோடு சொன்னேன். "அம்மா போன வருசமே சொல்லிருச்சுங்கப்பா" என்று சிரித்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துக் காதுக்கு மெஷின் மாட்டிக்கொண்டேன். அதுவரை ஜீப்பைத் தொடவில்லை.

என் குறை எனக்கே தெரியாமல் இருக்கட்டும் என்று, மூன்று வருஷம் ஒருத்தி என் வசவை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாளே, அதற்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.