மகனின் எண்ணுக்குப் போன கோப்பு

நோயாளியின் ஏடுகளைக் கணினியில் ஏற்றி, எந்த மருத்துவமனையிலும் திறந்து பார்க்கும்படி வைப்பது நன்றா தீதா என்று, வாகட் என்னும் புறநகரில் எங்கள் குடியிருப்பின் முதியவர்கள் மாலை வேளைகளில் வாதிடுவதுண்டு. நான் வாய் திறப்பதில்லை. அந்த ஏற்பாட்டினால் என் மனைவி உயிர் பிழைத்தாள். அதே ஏற்பாட்டினால், பேத்தியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமை அவளை விட்டுப் போயிற்று. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்.

தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் முப்பத்தோராண்டு சரக்குக் காப்பாளனாக இருந்தவன் நான். அடுக்கில் தொங்கும் அட்டையும் அடுக்கில் உள்ள சரக்கும் ஓர் ஆணி பிசகாமல் ஒத்திருக்க வேண்டும் என்பது அங்கே நான் பயின்ற ஒழுங்கு. என் வீட்டைக் கெடுத்தது அந்த ஒழுங்குதான்.

எங்கள் இரண்டாவது குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் இறந்தது. அதன் பின் என் மனைவியின் மனம் நிலைகுலைந்தது. சில வாரங்கள் உறங்காமல் பேசிக்கொண்டே இருப்பாள். சில வாரங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நகரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் மாதந்தோறும் லோக்கல் ரயிலில் அழைத்துப் போனேன். கண் மருத்துவரிடம் போவதாக அண்டை வீட்டாரிடம் சொன்னோம். ஆறு வயது மகனிடமும் அதையே சொன்னோம். அவர் கொடுத்த மாத்திரையால் அவள் தேறினாள். அன்று முதல் ஒருநாளும் தவறாமல் அதை உட்கொண்டு வருகிறாள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அந்த நோய் திரும்பவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் மகன் வீட்டில் தங்கினோம். சென்ற ஆண்டு அவளுடைய முழங்கால் வலிக்காக ஒரு புதிய மருத்துவமனைக்குப் போனபோது, பதிவு மேசையிலிருந்த பெண், "காகா, ஜுனே பேப்பர் த்யா, ஸ்கேன் கரூன் டாக்தே" என்று மராத்தியில் சொல்லி, கணினியில் ஏற்றப் பழைய தாள்களைக் கேட்டாள்.

மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, கால் வலிக்குத்தான வந்தோம்? அந்தக் காகிதமெல்லாம் எதுக்கு?"

"அரைகுறை ஃபைலக் குடுத்தா டாக்டருக்கு என்ன வெளங்கும்? நீ சும்மா இரு" என்றேன்.

முழுக் கோப்பையும் கொடுத்தேன், தேதி வாரியாக அடுக்கி. கைபேசி எண் கேட்டார்கள்; மகனின் எண்ணைச் சொன்னேன். எரிவாயு உருளை முதல் ஓய்வூதியம் வரை எங்கள் வாழ்வின் எல்லாவற்றுக்கும் அவன் எண்தான். எங்களைப் போன்றோர் வீடுகளில் அதுவே வழக்கம். அதில் யோசிக்க ஏதேனும் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டன. மறுநாள் காலையில் கைகள் நடுங்கின, பேச்சுக் குழறியது. அருகிலிருந்த வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். கோப்பைத் திறக்க மகனின் கைபேசிக்கு வந்த ரகசிய எண்களை அவன் சொன்னான். திரையில் அவள் கோப்பு திறந்தது. இளம் மருத்துவர் அந்த மாத்திரையின் பெயரைக் கண்டதும் இரத்தம் எடுக்கச் சொன்னார். உடம்பில் நீர் வற்றியதால் மருந்து இரத்தத்தில் தேங்கி நஞ்சாகியிருந்தது. இந்தத் தாள் இல்லாவிட்டால் பக்கவாதம் என்று எண்ணிப் பொழுதைப் போக்கியிருப்போம் என்று அவர் என்னிடம் சொன்னார். நான் அவரைக் கைகூப்பி வணங்கினேன். அந்த நன்றி இன்றும் மாறவில்லை.

ஆனால் மகன் நடையில் நின்றபடி கைபேசியில் கோப்பின் ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"கண் டாக்டர்னுதானப்பா சொன்னீங்க?"

"அப்ப உனக்கு ஆறு வயசுடா."

"இப்ப முப்பத்தாறு" என்றான்.

அவள் நலமாகி வீடு திரும்பிய வாரத்திலேயே, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலுள்ள குழந்தைகள் காப்பகத்தில் பேத்தியைச் சேர்த்தார்கள். அதுவரை பள்ளி விட்டு வரும் குழந்தையைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உறங்க வைத்தவள் என் மனைவி. மருமகள் கோயம்புத்தூர்ப் பெண், மரியாதை தெரிந்தவள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. அத்தைக்கு ரெஸ்ட் வேணுங்க. பாப்பாவும் நாலு குழந்தைங்களோட பழகட்டும்."

"பொறந்ததுலேர்ந்து அவகிட்டதானம்மா விட்டுட்டு ஆபீஸ் போன? ஒரு கீறல் விழுந்திருக்குமா?"

"அப்பத் தெரியாதுங்களே மாமா."

அந்தக் கோப்பு காகிதமாக இருந்தவரை எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது என் கையில் இருந்தது. உயிரைக் காக்க ஒரு மாத்திரையின் பெயர் போதும். மற்றப் பக்கங்கள் எதற்காக அத்தனை கண்களுக்கும் போயின என்று நான் யாரைக் கேட்பது? முழுக் கோப்பையும் எடுத்துக் கொடுத்தவன் நான்.

"டாக்டரு எழுதிக் குடுத்தா நம்புவாங்களா?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள். மனநல மருத்துவர் ஒருவரிடம் போனோம். ஒரு மணி நேரம் அவளோடு பேசியபின், இவர் பல்லாண்டுகளாக நலமாக இருக்கிறார், குழந்தையைப் பராமரிக்க எந்தத் தடையும் இல்லை என்று எழுதி, அதையும் அவள் கோப்பில் ஏற்றினார்.

"போயிருச்சா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். மகனின் எண்ணுக்குத் தகவலும் போய்விட்டது என்றார்கள்.

அன்று மாலை மகனுக்கு அவளே தோசை வார்த்துப் போட்டாள். நான்தான் பேச்செடுத்தேன்.

"டாக்டர் லெட்டர் ஒண்ணு வந்திருக்குமே?"

"ஏதோ மெசேஜ் வந்துச்சுப்பா. இன்னும் ஓபன் பண்ணல. பாக்குறேன்."

ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. ஆஸ்பத்திரி நடையில் நின்றபடியே அத்தனை பக்கங்களையும் படித்து முடித்தவனுக்கு, இந்த ஒரு பக்கத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. முதல் வாரத்தில் "பாத்தானாமா?" என்று நாள்தோறும் கேட்டவள், இப்போது கேட்பதில்லை.

குழந்தையை அழைத்துச் செல்ல உரிமை உள்ளவர்களின் பட்டியல் ஒன்று காப்பகத்தின் வாயிலில் இருக்கிறது. மகன், மருமகள், எதிர்வீட்டு அம்மாள், நான். தினமும் மாலை ஐந்து மணிக்குப் பேத்தியின் தண்ணீர்ப் புட்டியை நிரப்பி என் கையில் தருகிறாள் என் மனைவி. நான் மட்டும் லிஃப்டில் இறங்குகிறேன்.