பனிக்குள்ளே வந்த சாமி

எழுபதுகளில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மாதம் ஒருமுறை திடலில் படம் போடுவார்கள். லோரியில் மெஷின் வரும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். பொழுது சாய்ந்ததும் நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாக்கை விரித்து உட்காருவோம். ஆனால் கேமரன் மலையில் பனி யாரைக் கேட்டு இறங்குகிறது? பாதிப் படத்தில் மெல்ல வந்து துணியை மூடிவிடும். மெஷினின் வெளிச்சம் பனியிலேயே நின்றுபோகும். படம் தெரியாது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

படக்காரர் நிறுத்த மாட்டார், அவருக்கு நேரத்தோடு மலை இறங்க வேண்டும். நாங்களும் எழுந்து போக மாட்டோம். பேச்சு இல்லாத இடங்களில் பின்னால் வாசிக்கிற இசையை வைத்தே கதையை ஊகித்துக்கொள்வோம். முரசு வேகமாக அடித்தால் சண்டை. புல்லாங்குழல் வந்தால் காதல்.

அப்படி ஒரு மாலை. என் மனைவிக்கு ஆறு மாதம். அதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தன. இதுவாவது தங்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டுக் கேட்டு, அவள் வாய்விட்டுக் கேட்பதையே விட்டிருந்தாள். கங்காணியிடம் கெஞ்சி, கூடை சுமக்காத வேலைக்கு அவளை மாற்றச் சொன்னேன். என்னால் ஆனது அவ்வளவுதான். மற்றபடி அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டு பயந்துகொண்டிருந்தேன்.

பனி துணியை மூடியது. முதலில் ஒரே ஒரு வயலின் கேட்டது. பிறகு பத்தோ இருபதோ, எனக்கு என்ன தெரியும், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மேலே ஏறின. அடியில் ஏதோ பெரிய வாத்தியம் தொண்டையை அடைத்துக்கொண்டு அழுகிற மாதிரி முனகியது.

"யாரோ சாவுறான்டா, இழுக்குது பாரு" என்றான் பின்னால் ஒருவன்.

"சாவு இல்ல லா, இது லவ்வு. இப்ப ரெண்டு பேரும் ஓடி வருவாங்க."

"ஓடட்டும், இந்தப் பனியில வழுக்கி விழாம இருந்தா சரி."

அப்போது கோயில் மணி கேட்டது. ஒரு முறை, இன்னொரு முறை. எங்கள் அடுத்த வீட்டு அக்கா திரும்பி அதட்டினார். "வாய மூடுங்கடா. மணி கேக்குதுல்ல? சாமி வந்துருச்சு!"

திடலே அடங்கிப்போனது. ஒவ்வொருவராகக் கைகூப்பினார்கள், நானும்தான். வயிற்றின் மேல் இருந்த கையை எடுத்து என் மனைவியும் கூப்பினாள். "என்னங்க, நம்ம சாமிங்க" என்றாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்து, அழுகை வந்தது. வார்த்தையே இல்லாத ஒன்று ஆளை அப்படிப் பிடித்து உலுக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பிள்ளை தங்கியது. பெண் பிறந்தாள்.

அன்றிலிருந்து விளக்கு ஏற்றும்போதெல்லாம் என் மனைவி அந்த இசையை முனகுவாள். தேவாரம் முடிந்ததும் அது. மடியில் படுத்துக் கேட்டே மகளும் அதைப் பிடித்துக்கொண்டாள். விளக்குப் பாட்டு என்று பேரும் வைத்தாள். எனக்கு மட்டும் வரவே இல்லை. தேயிலை ஆலையின் இரைச்சலில் நின்று நின்று என் காதுக்கும் தொண்டைக்கும் ஒட்டுறவு விட்டுப்போயிருந்தது.

எண்பதுகளில் அடுத்த வீட்டு அக்காவின் மகன் சிங்கப்பூரிலிருந்து வீடியோப் பெட்டி கொண்டுவந்தான். ஒரு ஞாயிறு பிற்பகல் அவர்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு பழைய படம் பார்த்தோம். பாதிக்கு மேல் அந்த ஒற்றை வயலின் எழுந்தது.

"அம்மா, நம்ம வெளக்குப் பாட்டு!" என்று மகள் குதித்தாள். என் மனைவி கைகூப்பியபடியே திரையைப் பார்த்தாள்.

பூட்டிய கோயில் கதவு. அதன் முன்னால் ஒரு தாய். மடியில் செத்துப்போன பிள்ளை. வயலின்கள் மேலே ஏற ஏற, அவள் எழுந்து மணியை இழுத்து இழுத்து அடிக்கிறாள். கதவு திறக்கவில்லை. சாமி எங்கேயும் வரவில்லை.

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. "படம்தானே லா, தங்கச்சி. எவனோ எழுதுன கத" என்றார். என் மனைவி எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டு வாசலில் என்னிடம் கேட்டாள். "இத்தன வருசமா நான் எதப் பாடிக்கிட்டு இருந்தேன்? என் புள்ளைய மடியில போட்டுக்கிட்டு?"

"அன்னிக்கு வந்தது சாமிதான் புள்ள. நாம கும்பிட்டோம், குடுத்தாரு."

"கண்ணால பாத்துட்டேனே, என்னங்க."

மறுநாளிலிருந்து விளக்கு சத்தமில்லாமல் எரிந்தது. மகள் ஆரம்பித்தால் "வேணாம் பாப்பா" என்று என் மனைவி அடக்குவாள்.

அந்த மழைக்காலத்திலேயே மகளுக்குக் காய்ச்சல் கண்டது. இறங்கவே இல்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "இத நானே பாடி வர வச்சுட்டேன்" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். திருநீறு பூசினேன், தண்ணீர் கொடுத்தேன், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வது?

விளக்கு வைக்கும் நேரம். மகள் கண்ணைத் திறந்தாள். "அம்மா, பாடும்மா."

என் மனைவியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பொறுக்க முடியாமல் நான் முனகிப் பார்த்தேன்.

"அப்பா, லோரி மேடு ஏறுற மாதிரி இருக்குப்பா" என்று மகள் வறண்ட உதட்டோடு சிரித்தாள். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

வாயைப் பொத்தத்தான் என் மனைவி கையை நீட்டினாள். அது பாதியில் நின்றுவிட்டது. அத்தனை வயலின்கள் ஏறிய ஏற்றத்தை அந்த ஒற்றைத் தொண்டை உடைந்து உடைந்து ஏறியது. நிறுத்தச் சொல்வதா, பாடச் சொல்வதா என்று தெரியாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி வருகிற இடத்தில் மகள் "டங்" என்றாள்.

நீட்டிய கையோடு மற்றக் கையும் மெல்ல வந்து சேர்ந்தது.

காய்ச்சல் பிறகு இறங்கியது. ஊசி மருந்து வேலை செய்கிறது என்று நர்ஸ் மிஸ்ஸி சொன்னார், அதுவும் உண்மைதான். என் மனைவி அதன்பின் அந்த இசையைப் பாடியதில்லை. விளக்கு ஏற்றிவிட்டுத் தள்ளி நிற்பாள். மகள் பாடுவாள். "டங்" வரும்வரை நான் மூச்சுவிடாமல் என் மனைவியின் கைகளையே பார்த்திருப்பேன்.