அண்ணன் தேய்த்த ஃபிரேம்

பெட்டி வந்த அன்று வீட்டுக்கார அம்மா அதை மாடிப்படி ஏற விடவில்லை.

“என்னது இது, இவ்ளோ பெருசா?” என்று படிக்கட்டை மறித்து நின்றார்.

சைக்கிள் ஃபிரேம் என்றேன். சக்கரம், ஹேண்டில்பார் எதுவும் இல்லாத வெறும் கூடு, மற்றதை நானே பொருத்திக்கொள்வேன் என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது.

“இங்கேயா? சுத்தியல், ஸ்பேனரெல்லாம் வச்சிக்கிட்டா? அதெல்லாம் வேணாம். கிரீஸ் கறை பட்டா போகாது. மொட்டை மாடியிலயும் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.”

மறுநாள் காலையில் துணி காயப்போடப் போனேன். மொட்டை மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

சிதம்பரம் கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த வீடு. மாடியில் நான் தனியாகக் குடியிருந்தேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க் வேலை. வீடு பார்க்கப் போனபோது சொந்த ஊர் கடலூர் என்று மட்டும்தான் சொன்னேன். கடலூரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். துறைமுகத்துப் பக்கம் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மீன், கருவாடு எதுவும் வீட்டுக்குள்ள வரக் கூடாது” என்றார். தண்ணீர் நன்றாக வரும், ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம் என்பதற்காகத் தலையாட்டினேன். தலையாட்ட வைத்ததற்காக அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த வீட்டில் இருந்தவரை ஆறவே இல்லை.

ஃபிரேமைச் சீனாவிலிருந்து வரவழைக்கக் காரணம் என் உயரம். நான் குள்ளம். பழைய கியர் சைக்கிள் ஒன்றில் விடியற்காலையில் பிச்சாவரம் வரை போய்வந்து பழகி, ரோடு பைக் ஒன்று வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். அங்கிருந்த ஆள் என் தலையையும் காலையும் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு, “மேடம், லேடீஸ்க்கு கூடை வச்சது கீழ இருக்கு” என்றான். ரோடு பைக்கில் என் சைஸ் இருக்கிறதா என்று மறுபடி கேட்டேன். வராது என்றான். வரவழைக்க முடியுமா என்றால், யாரும் கேட்பதில்லை என்றான். நான் கேட்டுக்கொண்டுதானே நிற்கிறேன் என்றேன். அதற்குள் அவன் இன்னொருவரிடம் போய்விட்டான்.

இணையத்தில் தேடிப் பிடித்த சீனாக்காரன் என் காலின் நீளத்தைக் கேட்டான், கையின் நீளத்தைக் கேட்டான், சின்ன சைஸ் இருக்கிறது என்றான். கார்பன் ஃபிரேம்தான், ஆனால் பெயர் பெற்ற கம்பெனிகள் சொல்லும் விலை இல்லை. பெயரே இல்லாத ஃபிரேம். கறுப்பு, பளபளப்பு இல்லாத பூச்சு. மேலே ஒரு எழுத்துகூட இல்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

பூட்டிய மொட்டை மாடியில் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக் கடலூருக்கு அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அண்ணனோடு இருக்கிறாள். வீட்டை ஒட்டி அண்ணனுடைய ஷெட். ஃபைபர் போட் பழுது பார்ப்பது அவன் தொழில். கரையில் மோதி அடி விண்டுபோன போட்டை இழுத்து வந்து கவிழ்த்துப் போடுவார்கள். அவன் கெட்டுப்போன இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, நார் விரிப்பை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ரெசின் ஊற்றி உருட்டி அடைப்பான்.

அவனும் நானும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணியின் தம்பியை எனக்குப் பேசி முடித்து, தட்டு மாற்ற எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, எனக்கு இஷ்டமில்லை என்று கூடத்தில் வந்து சொன்னேன். அதற்கு முன்னால் அண்ணனிடம் எத்தனையோ முறை சொன்னதுதான். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “என் மச்சான நடுக்கூடத்துல அசிங்கப்படுத்திட்டா” என்று அன்றோடு பேச்சை நிறுத்தினான். நானும் நிறுத்தினேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

பெட்டியை ஷெட்டில் வைத்துப் பிரித்தேன். நுரை உறையைக் கிழித்ததும் ரெசின் வாசனை வந்தது. அந்த ஷெட்டில் எப்போதும் அடிக்கும் அதே வாசனைதான், கொஞ்சம் மெல்லிசாக. அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, ஃபிரேமின் குழாய்களில் அங்கங்கே தட்டினான். கீழ்க்குழாயின் நடுவில் ஒரு இடத்தில் நின்று மறுபடி மறுபடி தட்டினான்.

“அம்மா, அவகிட்ட சொல்லு. இந்த எடத்துல காத்து புடிச்சிருக்கு. அடுக்கு சரியா ஒட்டல. ரோட்டுல போவ சொல்ல ரெண்டா விட்டுக்கும்.”

“கார்பன் வேற, போட் வேறன்னு அவருக்குச் சொல்லும்மா” என்றேன்.

“துணியும் ரெசினும்தான. அதுல என்னா வேற?”

அம்மா இரண்டு பேருக்கும் எதையும் சொல்லவில்லை. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

அவன் போன பிறகு நானும் காசை வைத்துத் தட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்டது. அவன் தொழில்காரன், அவனுக்குத் தெரியும் என்று ஒரு பக்கம் தோன்றியது. என்னுடைய சாமான் எதுவுமே நல்லதாக இருந்துவிடக் கூடாது என்று அவனுக்கு எண்ணம் என்று இன்னொரு பக்கம். விற்றவனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். அன்பு நண்பரே, சுவரின் கனம் இடத்துக்கு இடம் மாறும், அதனால் சத்தமும் மாறும், பயப்பட வேண்டாம் என்று பதில் போட்டான். விற்றவன் வேறு என்ன சொல்வான்?

ஃபிரேமை ஷெட்டிலேயே வைத்துவிட்டு ஆபீஸுக்குத் திரும்பினேன். ஒரு வாரம் அதே நினைப்பு. அடுத்த சனிக்கிழமை, மற்ற சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கடலூருக்குப் போனேன்.

ஃபிரேம் மேஜைமேல் கிடந்தது. கீழ்க்குழாயில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பூச்சு போய், சாம்பல் நிறமாக நெசவு தெரிந்தது. பக்கத்தில் அவனுடைய தேய்க்கிற மிஷின். தரையெல்லாம் கரித்தூள்.

“என்னா பண்ணி வச்சிருக்க?” என்று அவனையே கேட்டேன். எத்தனை வருஷம் கழித்து நேராகப் பேசினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

“காத்து இருக்கான்னு பாத்தேன்” என்றான் அவனும் நேராக.

“இருக்கா?”

“மேல இல்ல. உள்ளாற இருக்கும். இன்னும் கொஞ்சம் தேச்சா தெரிஞ்சிடும்.”

“கைய எடு.”

“நீ லாரிக்கு அடியில பூந்தா யார் வந்து அள்ளிக்கினு வர்றது? நான்தான வரணும்.”

“நீ வராத. யாராவது அள்ளட்டும்.”

“இந்தத் திமிருதான். அன்னிக்கும் இதே திமிருதான்.”

“அப்ப உன் மச்சானுக்காகத்தான் தேச்சியா?”

அவன் முகம் சிவந்துவிட்டது. மிஷினின் ஒயரைச் சுற்றத் தொடங்கினான்.

அம்மா உள்ளேயிருந்து வந்து, “அவன் உன் நல்லதுக்குத்தான்டி பண்ணான்” என்றாள். அன்றைக்கு அண்ணனைவிட அவள் மேல்தான் எனக்கு ஜாஸ்தி கோபம் வந்தது. நல்லது செய்கிறவன் கேட்டுவிட்டுச் செய்திருப்பான். ஃபிரேமை ஒரு பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன். கண்டக்டர் அதை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மா பார்ப்பதற்குள் போர்வையோடு மாடிக்கு ஏற்றிவிட்டேன். அந்தத் தேய்த்த இடத்தைத் தினமும் பார்த்தேன். பூதக்கண்ணாடி வாங்கி வந்து பார்த்தேன். நெசவு சீராக இருந்தது. எங்கும் குழி இல்லை, பிரிவு இல்லை. பூச்சுக்கு அடியில் இருந்த நாரை அவன் மிஷின் இலேசாகத் தொட்டிருந்தது, அறுக்கவில்லை. கையிலே அவ்வளவு கட்டுப்பாடு இருந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் உண்மை அதுதான். விற்றவனுக்குப் படம் அனுப்பினேன். இதற்கு எப்பாக்ஸி ரெசின் மெல்லிசாகப் பூசு என்று சொன்னான். போட்டுக்கு ஊற்றுகிற ரெசின் கூடாது என்றும் சொன்னான். பூசிக் காயவிட்டேன். கறுப்புக் குழாயில் அந்த இடம் மட்டும் கண்ணாடி போட்டது மாதிரி ஆகிவிட்டது. மேலே பெயின்ட் அடித்து மறைக்கலாம். மறைக்கவில்லை.

மொட்டை மாடி பூட்டிக் கிடந்ததால் சமையலறையில்தான் சைக்கிளைச் சேர்த்தேன். அடுப்பு மேடைக்கும் கதவுக்கும் நடுவே ஃபிரேமை இரண்டு நாற்காலிகளில் சாய்த்துவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை. பெடல் அச்சு சுழல்வதற்கான பேரிங்குகளை, நீள மரையாணி ஒன்றில் வாஷரும் நட்டும் போட்டு இரண்டு பக்கமும் இறுக்கி உள்ளே தள்ளினேன். கியர் கேபிள் குழாயின் உள்ளேயே ஓட வேண்டும். முன்னால் விட்டால் பின்னால் வராமல் எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நரம்பை விட்டு, ஃபிரேமைத் தலைகீழாகக் குலுக்கி வெளியே எடுத்து, அதன் நுனியில் கேபிளைக் கட்டி இழுத்தேன். கார்பனை ஜாஸ்தி முறுக்கினால் நசுங்கிவிடும் என்பதால், அளவு வந்ததும் டிக் என்று சொல்கிற ரெஞ்ச் ஒன்று வாங்கியிருந்தேன். அந்தச் சத்தம் வரும்வரை ஒவ்வொரு போல்ட்டுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிறு வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். என்ன இடிக்கிற சத்தம் என்று கேட்டார். தேங்காய் உடைத்தேன் என்றேன். என் கையைப் பார்த்தார். கை முழுக்க கிரீஸ். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“மாசக் கடைசியில காலி பண்ணிடு” என்றார். “நான் சொல்லச் சொல்ல கேக்க மாட்டேங்கற. உங்க பக்கத்து ஆளுங்களுக்கே இந்தப் பிடிவாதம் ஜாஸ்தி.”

“எங்க பக்கம்னா?”

“நான் ஒண்ணும் சொல்லல. காலி பண்ணிடு, அவ்ளோதான்.”

அண்ணாமலை நகரில் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. காலி செய்வதற்கு முந்தின நாள் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து, ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்து, நிதானமாக வறுத்தேன். கீழே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. நன்றாகச் சாப்பிட்டேன்.

புது வீட்டுக்குப் போன பிறகு ஒரு ஞாயிறு விடிந்ததும் கடலூருக்குக் கிளம்பினேன். வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் பயம் இருந்தது. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் காது கீழ்க்குழாயிலேயே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் தெற்கேயிருந்து வரும் சோழகக் காற்று முதுகில் பிடித்துத் தள்ள ஆரம்பித்தது. வேகம் தானாக ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆலப்பாக்கத்துக்கு அருகில் இரண்டு பையன்கள் மோட்டார் சைக்கிளில் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பின்னால் இருந்தவன் போனில் படம் எடுத்தான். என் உடையைப் பற்றி ஏதோ சொன்னான். நான் நின்றேன். அவர்களும் நின்றார்கள். என் போனை எடுத்து அவர்கள் முகத்தையும் வண்டி நம்பரையும் படம் எடுத்தேன். “அக்கா, சும்மா பாத்தோம்” என்றான் ஓட்டியவன். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். போய்விட்டார்கள். சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளின் வாடையை மூக்கைப் பிடிக்காமல் கடந்து, வெயில் ஏறுவதற்குள் ஊருக்குள் நுழைந்தேன்.

அண்ணன் ஷெட் வாசலில் இரண்டு மீனவர்களோடு நின்றிருந்தான். அவர்கள் சைக்கிளைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “கனமே இல்லயே, இது எந்த ஊர் சரக்கு?” என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் குனிந்து, பூசிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். முதலில் மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாக. ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தான். பெயரவில்லை.

“சீனா சரக்கு” என்றான் அவரிடம். “இப்ப நல்லாத்தான் இருக்கும். வெயிலு பட்டு உடைய சொல்ல பாருங்க.”

தேய்த்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று வழியெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவன் ஷெட்டுக்குள் போய் மிஷினைப் போட்டான். அதற்குமேல் யார் பேசினாலும் கேட்காது.

அம்மா இட்லி வைத்தாள். சாப்பிட்டேன். அண்ணி தண்ணீர் பாட்டிலை நிரப்பி, என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளில் சொருகினாள். கிளம்பும்போது அண்ணன் வெளியே வரவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க எதிர்க்காற்று. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். லாரிகள் இடிப்பது போல வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயின. தொடை எரிந்தது. அவனைத் திட்டிக்கொண்டேதான் சிதம்பரம் வரை வந்தேன்.

இப்போதும் மாதம் இரண்டு முறையாவது அம்மாவைப் பார்க்க அந்தச் சைக்கிளில்தான் போகிறேன். போனதும் ஷெட் வாசலில், அவன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துச் சாய்த்து வைக்கிறேன். ஃபிரேம் இன்றுவரை உடையவில்லை. என்றைக்காவது உடைந்தால், உடைந்தது அவனுக்குத் தெரியாமல் வேறொன்று வரவழைத்து, அதே கறுப்பில், அதே இடத்தில் அதே கண்ணாடித் திட்டும் வைத்துச் சேர்த்து ஓட்டிக்கொண்டு போவேன்.