கத்தரிக்கோலின் கடைசிப் பரீட்சை

கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவருக்கு நாற்பத்து மூன்று வயது. காலை எட்டு மணிக்கு அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் டாக்டரின் மாமியாரே வந்தாலும் வரிசைதான். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நோயாளியைக்கூட, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எழுப்பி நகர்த்திய புண்ணியவான் அவர்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில் பதினோராயிரம் பேரைக் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுத்தார்கள். தபாலில் பட்டப்படிப்பு படிக்கும் மாணவர்களுக்காக இணையத்தில் ஒரு குழு இருந்தது. அவரும் அதில் ஒரு மாணவர், எட்டாவது வருடமாக. குழுவை ஒழுங்குபடுத்தத் தன்னார்வ மாடரேட்டர்கள் தேவை, சம்பளம் கிடையாது என்று அறிவிப்பு வந்தபோது முதல் ஆளாகக் கை தூக்கினார். சம்பளம் இல்லாவிட்டால் என்ன, அதிகாரம் இருக்கிறதே!

மூன்றே மாதத்தில் பிள்ளைகள் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே கேட்ட கேள்வியைக் கேட்டால் வெட்டு. பரீட்சைக் குழுவில் காலை வணக்கம் போட்டால் வெட்டு. பேராசிரியர்கள் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருந்தாலும் கேள்வி கத்தரிக்கோலைத் தாண்டிப் போகவேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டும் என்பது சும்மாவா? அவருடைய மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள், வீட்டுக் குழாய் நாலு மாதமாகச் சொட்டுகிறது, அதை மாடரேட் செய்யத்தான் ஆளில்லை என்று.

அவருக்கு எரிச்சல் மூட்டுவதில் முதலிடம் மூன்று வார்த்தைகளுக்கு: 'அவசரம்', 'யாராவது', 'ப்ளீஸ்'. பரீட்சைக்கு முந்தின நாள்தான் இதுகளுக்கு அவசரம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வடிகட்டியைப் பொருத்தினார். இந்த வார்த்தைகள் இருக்கும் பதிவு தானாக நீக்கப்படும். மூன்று முறை போட்டால் ஆளே ஒரு வாரத்துக்கு வெளியே. நீக்கியவை எல்லாம் ஒரு குவியலாகச் சேரும். அன்றைய மாடரேட்டர் அதைப் படித்துப் பார்த்து, நியாயமானதைத் திரும்பப் போடவேண்டும். இந்த விதியையும் எழுதியது அவரேதான்.

அந்த வியாழக்கிழமை அவருடைய முறை. குவியலில் அறுபத்து மூன்று பதிவுகள் கிடந்தன. ஆனால் சனிக்கிழமை அவருக்குப் புள்ளியியல் பரீட்சை. ஏற்கெனவே இரண்டு தடவை மண்ணைக் கவ்விய பாடம். எட்டு வருடத்துக்குள் எல்லாத் தாளும் பாஸாகாவிட்டால் படித்தது அத்தனையும் ரத்து என்பது பல்கலைக்கழக விதி, இதுதான் கடைசித் தடவை. பட்டம் இல்லாதவரை டோக்கன் கவுண்டர்தான், அலுவலக மேலாளர் நாற்காலி கனவுதான். ஆகவே மனிதர் குவியலைப் படிக்கவில்லை. 'எல்லாவற்றையும் அழி' என்ற பொத்தானை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, விட்ட சூத்திரத்தை மனப்பாடம் செய்யப் போய்விட்டார்.

சனிக்கிழமை பத்து மணிப் பரீட்சைக்கு ஒன்பது பத்துக்கே பள்ளிக்கூட வாசலில் நின்றார். கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு முன்னால் ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், கேக் டப்பாவைப் பிரித்த அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'சென்டர் மாறிவிட்டது' என்று அட்டையில் கொட்டை எழுத்து. எதிர்ப்பக்கத்து பேக்கரியில் வேலை செய்கிறவளாம், அவளுக்கும் இன்றைக்கு இதே பரீட்சையாம். வகுப்பறைக் கூரை இடிந்து விழுந்ததால் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கல்லூரிக்கு மாற்றிவிட்டார்கள். அறிவிப்பை உள்ளே அலுவலகக் கதவில் ஒட்டிவிட்டு கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் மகராசர்கள். வாட்ச்மேனுக்கு ரொட்டி கொடுக்கப் போன இடத்தில் வியாழக்கிழமையே இவள் கண்ணில் பட்டிருக்கிறது.

டோக்கன்காரருக்கு உள்ளுக்குள் இருந்த மாடரேட்டர் விழித்துக்கொண்டார். இதை முறைப்படி குழுவில் போட்டிருக்கலாமே என்று கேட்டார்.

"போட்டேன் சார். அவசரம், யாராவது பாருங்கன்னு மூணு தடவை போட்டேன். மூணையும் தூக்கிட்டு, என்னையும் வெளிய தள்ளிட்டாங்க. அங்க கத்தரிக்கோல்னு ஒரு மகாராஜா இருக்காரு. அதான் காலையில எட்டு மணிக்கே நேர்ல வந்து நிக்கிறேன்."

வாயை மூடிக்கொண்டு நகர்ந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எட்டு மணியிலிருந்து வெயிலில் நின்ற முகம் அது, தன் பரீட்சையை விட்டுவிட்டு நின்ற முகம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அது நான்தாம்மா," என்றார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வாட்சைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க நில்லுங்க. நான் கிளம்புறேன்."

அட்டையும் ஒரு தாளும் அவர் கைக்கு மாறின. அந்தச் சென்டருக்கு மொத்தம் முப்பத்தொரு பேர். அறிவிப்பில் இருந்த எல்லோருடைய பதிவெண்ணின் கடைசி மூன்று இலக்கத்தையும் எழுதி, தன் எண்ணில் தொடங்கி, வந்தவர்களை டிக் அடித்து வைத்திருந்தாள். அரைமணி நேரம் லேட்டானாலும் உள்ளே விடுவார்கள், யாரையும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மிச்சம் ஒன்பது எண்கள். இது அவருக்குப் பழகின தொழில். ஒவ்வொருவராக வந்தார்கள், எண்ணைக் கேட்டு டிக் அடித்தார், வழி சொன்னார். குழுவில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, காரணம் தெரிந்ததும் அத்தனை பேரும் கத்தரிக்கோலை வாய் நிறையத் திட்டினார்கள். ஒரு லாரி டிரைவர் அந்த ஆளின் பரம்பரையையே இழுத்தார். ஆமாங்க, தப்புதாங்க, நான்தாங்க அது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. திட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடினார்கள், பாவம், அவர்களுக்கு நேரமில்லை.

ஒன்பது ஐம்பதுக்கு எட்டுப் பேர் போயாகிவிட்டது. பாக்கி ஒரே ஒரு எண், 417. டாக்சியை வரவழைத்து நிறுத்திக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பத்து மணி அடித்தது. அந்தக் கோடிக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். எட்டு வருடம் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. கிளம்பிவிடலாமா என்று கால் எடுக்கும், அந்த 417 மூச்சிரைக்க ஓடிவந்து பூட்டிய கேட்டைப் பார்த்துத் திகைக்கும் காட்சி மனதில் வரும், கால் நின்றுவிடும். இப்படிப் பொறுப்பில்லாமல் லேட்டாக வருகிறானே என்று 417 மேல் கோபம் கோபமாக வந்தது. அப்படியும் அவரால் நகர முடியவில்லை.

பத்து எட்டுக்கு டாக்சிக்காரர் பொறுமை இழந்து இறங்கி வந்தார். யாருக்காகத்தான் இப்படி நிற்கிறீர்கள் என்றார். இவர் தாளை நீட்டினார். டாக்சிக்காரர் தாளைப் பார்த்தார், இவருடைய சட்டைப் பையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"சார், உங்க பையில நீட்டிக்கிட்டு இருக்கிற ஹால் டிக்கெட்லயும் நானூத்திப் பதினேழுதான் போட்டிருக்கு."

இருபது வருடமாக டோக்கன் கொடுத்தவர். வரிசையில் தன்னை ஒரு ஆளாக அவர் எண்ணியதே இல்லை.

டாக்சி போன வேகத்தைப் பற்றி எழுதினால் அந்த டிரைவருக்கு வம்பு. பாஸானாரா என்று கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாஸ், தேவைக்கு இரண்டு மார்க் கூடுதலாக. குழுவில் அந்த வடிகட்டியும் இப்போது இல்லை. வியாழக்கிழமை மாடரேட்டர் பேக்கரிப் பெண்தான், வரும் பதிவுகளைப் படிக்கிறாள், ஒன்று விடாமல்.

பத்து இருபத்தொன்பதுக்கு அவர் மூன்றாவது மாடிக்கு ஓடி ஏறினார். அறைக் கதவைச் சாத்த ஒரு கையை வைத்துக்கொண்டிருந்தார் மேற்பார்வையாளர். உள்ளே முப்பது பேரும் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். ஏன் இவ்வளவு லேட் என்று மேற்பார்வையாளர் அதட்டினார். நாற்பத்து மூன்று வயதில் பொய் சொல்லக்கூட அவருக்கு மூச்சு இல்லை.

"எனக்காகத்தான் சார் காத்துக்கிட்டு நின்னேன்," என்றார்.