சுவரில் பூத்த தீனி

தெருவில் அந்த மெக்கானிக்கை 'பூச்சி மெக்கானிக்' என்பார்கள். பட்டறை வேலை போக, தவளை வளர்ப்பவர்களுக்குத் தீனியாக விற்க, எள்ளில் பாதிகூட இல்லாத வெள்ளைத் துள்ளுப்பூச்சிகளை வீட்டில் டப்பா டப்பாவாக வளர்த்தார். ஈரக் கரித்துண்டுகளின் மேல் அவை ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அவற்றுக்கு மூச்சு முட்டக் கூடாதென்று தினமும் மூடியைத் திறந்து விசிறுவார் அந்தப் புண்ணியவான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் டப்பாக்கள் காய்ந்துவிடுமாம். அதே அறையில் படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பா எவ்வளவு கெஞ்சினாலும் ஜன்னலைத் திறக்க மாட்டார். கிழவர் இருமி இருமித் துரும்பாய் இளைத்தார். சுவரெல்லாம் பூஞ்சணம் பூத்தது.

ஒருநாள் மகன் கரண்டியோடு வந்து சுவரைச் சுரண்டத் தொடங்கியதும் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பவாவது அப்பன் மேல இரக்கம் வந்துச்சே!"

மகன் சுரண்டியதை டப்பாக்களில் பதமாகத் தூவினார். பூஞ்சணம் என்றால் பூச்சிகளுக்கு உயிர்; மொய்த்துத் தின்றன.

"தலைமாட்டுலதான்டா நெறைய இருக்கு. அதையும் எடுத்துடுப்பா," என்றார் அப்பா.

"அது இருக்கட்டும்பா. இன்னும் கொஞ்சம் வளரணும்."